தணிக்கை அறிக்கையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை: பொதுச் சுகாதாரப் பரிந்துரைகளைப் படித்துப் பின்தொடர ஒரு வழிகாட்டி

மக்கள் நல்வாழ்வுத் துறையைப் பற்றிய தணிக்கை அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்படும் நாளில், அதிலுள்ள இரண்டு மூன்று எண்கள் தலைப்புச் செய்தியாகின்றன. கட்சிகள் ஆளுக்கொன்றாகப் பேசுகின்றன; ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. அந்த அறிக்கையின் ஒவ்வோர் இயலிலும், துறை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பரிந்துரைகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் முதியவருக்கும், பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் பெண்ணுக்கும் உண்மையில் பயன்படக்கூடிய பகுதி அதுதான். பெரும்பாலும் யாரும் படிக்காமல் விடுகிற பகுதியும் அதுவே.

அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இயங்கும் நோயாளர் நலச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கிராம சுகாதாரக் குழு உறுப்பினர்கள், மாவட்டச் செய்தியாளர்கள், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. கணக்குப் பதிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கோப்பும் இருந்தால் போதும்.

யார் எழுதுகிறார்கள், யாருக்கு எழுதுகிறார்கள்

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான உறுப்புகளின்கீழ் அமைந்த பதவி. நாளிதழ்கள் இவரைச் சி.ஏ.ஜி. என்று குறிப்பிடும். இவருடைய கடமைகளையும் அதிகாரங்களையும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வரையறுக்கிறது. மத்திய அரசு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படும். மாநில அரசு பற்றியது ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வரும். தமிழ்நாட்டில் களப்பணியைச் செய்வது சென்னை அண்ணா சாலையில் இயங்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகம். அரசு அலுவலகங்களில் "ஏ.ஜி. ஆடிட் வருகிறது" என்று சொல்வது இவர்கள் வருகையைத்தான்.

தொடக்கத்திலேயே ஒரு வரம்பைப் புரிந்துகொள்வது அவசியம். தணிக்கையாளருக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. ஒரு மருத்துவரை நியமிக்கவோ, ஓர் அலுவலரைத் தண்டிக்கவோ, நிதியை விடுவிக்கவோ அவரால் இயலாது. அறிக்கையை எடுத்துக்கொண்டு துறைச் செயலாளரை அழைத்துக் கேள்வி கேட்பது சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவின் வேலை. குழுவின் முன் வரும் பத்திகள் ஏராளம்; அவற்றில் விரிவாக விவாதிக்கப்படுபவை சிலவே. ஆகவே ஒரு பரிந்துரை நிறைவேறுமா இல்லையா என்பது, அதை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் அந்தந்த மாவட்டத்தில் இருக்கிறார்களா என்பதைப் பெரிதும் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து.

மேற்பார்வை செய்பவர் தணிக்கையாளர் மட்டுமல்லர். தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் 2007 முதல் நடைபெற்றுவரும் பொது மறுஆய்வுக் குழுக்களின் அறிக்கைகள், தேசியத் தர உறுதி மதிப்பீடுகள், நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள் ஆகியவையும் பரிந்துரைகளைத் தருகின்றன. தணிக்கை அறிக்கையைப் படிக்கப் பழகிவிட்டால் இவற்றையும் அதே முறையில் படித்துவிடலாம்.

சரியான அறிக்கையைத் தேர்ந்தெடுத்தல்

நிதிநிலைத் தணிக்கை, இணக்கத் தணிக்கை, செயல்திறன் தணிக்கை என்று தணிக்கைகள் மூன்று வகைப்படும். முதலாவது கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கும். இரண்டாவது விதிகள் பின்பற்றப்பட்டனவா என்று பார்க்கும். மூன்றாவது, செலவழித்த பணம் நோக்கத்தை எட்டியதா, சிக்கனமாகவும் திறம்படவும் எட்டியதா என்று கேட்கும். புதிதாகத் தொடங்குபவர் செயல்திறன் தணிக்கை அறிக்கையை எடுப்பதே நல்லது.

இப்போது படிக்க ஏற்றவை சில உண்டு. 2016–17 முதல் 2021–22 வரையிலான காலத்துக்கு, பொதுச் சுகாதார உட்கட்டமைப்பும் மருத்துவச் சேவைகளின் மேலாண்மையும் என்ற ஒரே பொருளில் பல மாநிலங்களில் செயல்திறன் தணிக்கை நடைபெற்றது. தமிழ்நாட்டுக்கான அறிக்கை 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. டெல்லிக்கான அறிக்கை 2025 பிப்ரவரியில் அங்குள்ள சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒரே சட்டகத்தில் எழுதப்பட்டவை என்பதால் ஒரு மாநிலத்தின் நிலையை மற்றொன்றோடு ஒப்பிட இவை உதவும். தேசிய அளவில், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றிய 2023ஆம் ஆண்டின் 11ஆம் எண் அறிக்கையும், ஊரகச் சுகாதார இயக்கத்தின் தாய்சேய் நலப் பணிகள் பற்றிய 2017ஆம் ஆண்டின் 25ஆம் எண் அறிக்கையும் முக்கியமானவை. அனைத்தும் தணிக்கைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அறிக்கையைத் திறந்தவுடன் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட காலம். மற்றொன்று, அவையில் வைக்கப்பட்ட நாள். மேலே சொன்ன டெல்லி அறிக்கையில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளி இருக்கிறது. அறிக்கையை இத்தனை நாளுக்குள் அவையில் வைத்தாக வேண்டும் என்று 151ஆம் உறுப்பு காலவரம்பு எதையும் விதிக்கவில்லை. எனவே அறிக்கை சொல்லும் காலிப் பணியிடம் இன்று நிரப்பப்பட்டிருக்கலாம், அல்லது அன்று இருந்ததைவிடக் கூடியிருக்கலாம். பழைய நிலையை இன்றைய நிலையாக எழுதிவிட்டால், அலுவலகம் அந்த ஒரு பிழையைக் காட்டியே உங்கள் மொத்த மனுவையும் ஒதுக்கிவிட முடியும்.

எந்த வரிசையில் படிப்பது

முன்னுரையிலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் சுருக்க அறிக்கையைப் படியுங்கள். அடுத்து, தணிக்கையின் நோக்கம், அளவுகோல், மாதிரித் தேர்வு ஆகியவற்றைச் சொல்லும் சிறு பகுதிக்குச் செல்லுங்கள். பலர் தாண்டிச் செல்லும் இந்தப் பகுதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

அளவுகோல் என்பது எதனோடு ஒப்பிட்டுக் குறை கண்டார்கள் என்பது. சுகாதார அறிக்கைகளில் இது பெரும்பாலும் இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகளாக இருக்கும். 2007இல் வெளியிடப்பட்ட இவை 2012இலும் 2022இலும் திருத்தப்பட்டன. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பதும், மலைப்பகுதிகளில் முறையே 3,000, 20,000, 80,000 என்பதும் பொதுவான நெறி. உங்கள் வட்டாரத்தின் மக்கள் தொகையை இந்த எண்களால் வகுத்துப் பார்த்தாலே, அறிக்கை பேசும் பற்றாக்குறை உங்கள் ஊரில் எவ்வளவு என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ வசிப்பவர் சமவெளி நெறியை வைத்துக் கணக்கிட்டுவிடக் கூடாது.

மாதிரித் தேர்வு என்பது எத்தனை மாவட்டங்கள், எத்தனை மருத்துவமனைகள் நேரில் பார்க்கப்பட்டன என்பது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாவட்டங்களில் கண்ட குறையை மாநிலம் முழுவதற்கும் உரியதாக எழுதுவது மிகப் பரவலாக நிகழும் தவறு. உங்கள் மாவட்டம் மாதிரியில் இருந்தால், பின்னிணைப்பில் மருத்துவமனை வாரியாக அட்டவணை இருக்கும். அதுவே உங்கள் முதல் ஆவணம். இல்லாவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். அதே கேள்விகளை உங்கள் மாவட்டத்துக்குக் கேட்கும் வழியைக் கீழே காணலாம்.

ஒரு குறையை ஐந்தாகப் பிரித்தல்

ஒழுங்காக எழுதப்பட்ட எந்தத் தணிக்கைப் பத்தியிலும் ஐந்து உறுப்புகள் இருக்கும்: என்ன இருந்திருக்க வேண்டும், என்ன இருந்தது, ஏன் அப்படி ஆனது, அதனால் விளைந்தது என்ன, இனி செய்ய வேண்டியது என்ன. ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போட்டு, பத்தியிலிருந்து எடுத்து நிரப்புங்கள்.

டெல்லி அறிக்கையில் ஓர் இடத்தைப் பாருங்கள். கொரோனா அவசரகாலப் பணிக்காக மத்திய அரசிடமிருந்து பெற்ற 787.91 கோடி ரூபாயில் 582.84 கோடி மட்டுமே பயன்படுத்தப்பட்டது என்கிறது அறிக்கை. அதாவது 205.07 கோடி, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், செலவாகவில்லை. நிதி ஒதுக்கப்பட்டது முதல் கட்டத்திலும், செலவானது இரண்டாம் கட்டத்திலும் சேரும். உண்மையான வேலை மூன்றாவது கட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆள் எடுக்க ஒப்புதல் தாமதமானதா, கொள்முதல் ஒப்பந்தம் முடியவில்லையா, அல்லது பணமே காலம் கடந்து வந்து சேர்ந்ததா? இந்த மூன்றுக்கும் தீர்வுகள் வெவ்வேறு. காரணக் கட்டம் காலியாகவே இருந்தால், பரிந்துரையும் பெரும்பாலும் வலுவற்றதாகவே இருக்கும்.

செலவாகாத பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஊரகச் சுகாதார அறிக்கையில், 27 மாநிலங்களில் செலவாகாமல் நின்ற தொகை 2011–12இல் 7,375 கோடியாக இருந்து 2015–16இல் 9,509 கோடியாக உயர்ந்ததாகக் கூறப்பட்டுள்ளது. மருத்துவமனையில் மருந்து இல்லை என்றதும் நிதி போதவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பணம் வங்கிக் கணக்கில் இருந்தும் சேவை இல்லாமல் போகும் நிலை இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அந்த நிலையில் கூடுதல் நிதி கேட்டு மனு எழுதுவதால் எதுவும் மாறாது; நிதி எந்த மேசையில் நின்றது என்றுதான் கேட்க வேண்டும்.

துறையின் பதிலோடு சேர்த்துப் படித்தல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு யாரும் பேச முன்வரக் கூடாது என்பேன். வரைவு அறிக்கை துறைக்கு அனுப்பப்பட்டு, துறை அலுவலர்களோடு நிறைவுக் கூட்டம் நடத்தப்பட்டு, துறையின் பதிலும் பெறப்பட்ட பின்னரே அறிக்கை இறுதியாகிறது. பதில் பத்தியின் முடிவில் இருக்கும். அதை ஏற்க முடியாவிட்டால் தணிக்கையாளர் தம் மறுப்பையும் அதன் கீழே எழுதுவார். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

ஆயுஷ்மான் பாரத் அறிக்கை இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக் களம். குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு அளிக்கும் இத்திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைத்து நடத்தப்படுகிறது. 2023 ஆகஸ்டில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருப்பதாகக் கூறியது. நாடெங்கும் பரவிய செய்தி இது. இதை மட்டும் படித்தவர்கள், ஏழரை லட்சம் போலிப் பயனாளிகள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

அமைச்சகம் அளித்த விளக்கம், பயனாளியை அடையாளம் காண்பது ஆதார் வழியாகத்தான் என்பதும், கைப்பேசி எண் தொடர்புக்காக மட்டுமே பெறப்படுகிறது என்பதும், கைப்பேசி இல்லாத ஏழைக் குடும்பங்களும் திட்டத்தில் இருப்பதால் களப்பணியாளர்கள் ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணை இட்டிருக்கிறார்கள் என்பதும் ஆகும். இந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. தணிக்கையாளர் எழுப்பியதும் நியாயமான கேள்விதான்: அட்டையைத் தொலைத்த பயனாளியின் பதிவைத் தரவுத்தளத்தில் தேட கைப்பேசி எண் உதவ வேண்டும், ஒரே எண்ணில் லட்சக்கணக்கானோர் இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால், மோசடி நிரூபிக்கப்படவில்லை என்பதும், தவறான உள்ளீட்டைத் தடுக்கும் சரிபார்ப்பு முறை கணினியில் இல்லாமல் இருந்தது என்பதும் தெளிவாகும். அதற்கான பரிந்துரையும் சரிபார்ப்பைப் பற்றியதே.

அதே அறிக்கையில், முன்பே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது என்ற குறிப்பும் உண்டு. மருத்துவமனைகள் மூன்று நாட்கள் வரை முந்தைய தேதியிட்டு முன்அனுமதி கோர விதி இடம் தருகிறது என்று அமைச்சகம் பின்னர் விளக்கியது. இங்கே என் மதிப்பீடு சற்று வேறுபடுகிறது. இந்த விளக்கம் ஒரு பகுதிக்குப் பொருந்தலாம். ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே பார்த்தால்தான் எத்தனைக்குப் பொருந்துகிறது என்று சொல்ல முடியும். தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததாகச் சொல்லும் இடத்திலோ, கைப்பேசி எண்ணுக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்லவே முடியாது. அடையாளத்துக்கு அடிப்படையே ஆதார் என்று துறையே கூறுகிறது. ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து வரும் குறைகள் ஒரே எடையுடையவை அல்ல என்பதை இந்த ஒப்பீட்டிலிருந்து பழகிக்கொள்ளலாம்.

துறையின் பதில்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களையும் அறிந்துகொள்ளுங்கள். "பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டு, உரிய அறிவுரைகள் வழங்கப்பட்டுள்ளன" என்றால் ஒரு சுற்றறிக்கை அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் கேட்கலாம். "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றால் கருத்துரு ஏதோ ஒரு கட்டத்தில் நிற்கிறது. அது அனுப்பப்பட்ட தேதியைக் கேட்கலாம். "எதிர்காலத்தில் தவிர்க்கப்படும்" என்றால் நடந்ததற்கு யாரும் பொறுப்பாக்கப்படவில்லை. "நிதி நிலைமைக்கேற்ப" என்று முடிந்தால், வரும் நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கையில், அதாவது துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் ஆவணத்தில், அதற்குத் தலைப்பு ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பின்தொடரத்தக்க பரிந்துரை எது

ஓர் அறிக்கையில் இருபது பரிந்துரைகள் இருந்தாலும், ஒரு சிறு குழு ஆண்டுக்கு இரண்டைப் பின்தொடர்ந்தால் அதுவே பெரிய பணி. தேர்வுக்கு நான் பரிந்துரைக்கும் அளவை எளியது: யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், செய்தார்களா என்பதை எந்தப் பதிவேடு காட்டும் என்ற மூன்றுக்கும் பரிந்துரையிலேயே விடை கிடைக்க வேண்டும். "மருந்து மேலாண்மையை வலுப்படுத்தலாம்" என்பது போன்ற வாசகத்தைப் பின்தொடர முடியாது. "அத்தியாவசிய மருந்துகளின் இருப்பு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்போது கிடங்குக்குத் தானாகத் தகவல் செல்லும் ஏற்பாடு வேண்டும்" என்று இருந்தால் பின்தொடரலாம். முதல் வகையே உங்களுக்குக் கிடைத்தாலும், நீங்கள் நிரப்பிய காரணக் கட்டத்தை வைத்து அதை இரண்டாம் வகையாக மாற்றி எழுதிக்கொள்ள முடியும்.

எந்தக் கதவைத் தட்டுவது

மனுக்கள் வீணாவதற்கு முதற்காரணம் தவறான அலுவலகத்துக்குப் போவதே. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின்கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அவற்றுக்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு இப்பதவியின் பெயர் துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள். வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் இணை இயக்குநர், நலப்பணிகள் என்பவரின்கீழ் உள்ளன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அதன் முதல்வரும் மருத்துவக் கல்வி இயக்ககமும்.

மருந்தும் கருவியும் வாங்குவது 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுத் தொகை குறித்த ஒரு பாஸ்புத்தகம் உண்டு; மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். மருத்துவர், செவிலியர் முதலிய பல பணியிடங்களுக்கு ஆள் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வாணையம். இதையெல்லாம் அறிந்திருந்தால், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று பணியிடம் காலியாக இருப்பதற்கு அங்கே ஒற்றையாளாக நூறு புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் சண்டை போட மாட்டோம். தணிக்கைக் குறையைப் பின்தொடரும்போது களப்பணியாளரை எதிரியாக்கிக்கொள்வது அநியாயம். கிராம சுகாதாரச் செவிலியரும் மருந்தாளுநரும் மனம்வைத்தால்தான் உண்மை நிலை நமக்குத் தெரியவரும்.

தகவல் உரிமை மனு எழுதுதல்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டியும் கட்டணத்தைச் செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு தொண்ணூறு நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

"ஏன் மருந்து இல்லை?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது சட்டத்தின் வரம்பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கின்ற ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். மருந்து இருப்பு பற்றிய பரிந்துரையைப் பின்தொடர்வதாக வைத்துக்கொண்டால், மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்துக்கு இப்படி எழுதலாம்:

"1. தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள இன்ன ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேட்டில், மெட்ஃபார்மின், அம்லோடிபின், இரும்பு ஃபோலிக் அமில மாத்திரை ஆகிய மூன்றுக்கும் உரிய பக்கங்களின் நகல், கடந்த நிதியாண்டு முழுமைக்கும்.

2. அதே நிதியாண்டில் அந்நிலையத்தின் மருந்து ஒதுக்கீட்டுப் பாஸ்புத்தகப் பக்கங்களின் நகல்.

3. அந்நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியாக உள்ளவை, காலியான தேதி ஆகியவற்றைக் காட்டும் பட்டியலின் நகல்.

4. மாநிலக் கணக்காயர் அலுவலகம் தங்கள் அலுவலகத்துக்குக் கடைசியாக அனுப்பிய ஆய்வறிக்கையின் நகலும், அதிலுள்ள தணிக்கைத் தடைகளுக்கு (ஆட்சேபங்களுக்கு) தாங்கள் அளித்த பதில்களின் நகலும்."

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சட்டமன்றத்துக்கு வரும் அறிக்கையில் இடம்பெறுவது தணிக்கையில் கண்டவற்றின் ஒரு பகுதியே. அந்தந்த அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பப்படும் ஆய்வறிக்கையில் உங்கள் வட்டாரத்தின் விவரம் இருக்கும். அவையில் இன்னும் வைக்கப்படாத தணிக்கை அறிக்கையைக் கேட்டால், சட்டமன்ற உரிமையைக் காரணம் காட்டி 8(1)(இ) பிரிவின்கீழ் மறுக்கப்படலாம். ஆகவே வைக்கப்பட்டுவிட்ட அறிக்கையையும் அலுவலக ஆய்வறிக்கையையும் மனுவில் தெளிவாகப் பிரித்துக் குறிப்பிடுங்கள். நோயாளிகளின் பெயர், நோய் விவரம் எதையும் ஒருபோதும் கேட்க வேண்டாம். சட்டம் அதைத் தராது. தந்தாலும் நாம் பெறக் கூடாது.

பக்கங்கள் அதிகமென்றால் நகலுக்குப் பதிலாகப் பதிவேட்டை நேரில் பார்வையிடக் கோரலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இருப்புப் பதிவேட்டைப் பார்க்கும்போது இருப்பு சுழியமாக இருக்கும் நாட்களை மட்டும் எண்ணினால் போதாது. வரவு எழுதிய தேதியையும் பாஸ்புத்தகத்தில் கிடங்கு வழங்கிய தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிடங்கில் இருந்தும் நிலையம் கேட்கவில்லையா, நிலையம் கேட்டும் கிடங்கு தரவில்லையா என்பது அந்த இரண்டு தேதிகளில் வெளிப்படும். அதுதான் நீங்கள் தேடிய காரணக் கட்டம்.

கண்டதை எங்கே வைப்பது

கிடைத்த ஆவணங்களை இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்குங்கள். தணிக்கைப் பத்தியின் எண், பரிந்துரையின் வாசகம், துறையின் பதில், உங்கள் ஊரில் இன்றைய நிலை, அதைக் காட்டும் ஆவணம் என்ற வரிசையில் அது இருக்கட்டும். வருணனைகள் வேண்டாம். இந்தக் குறிப்பை முதலில் அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் காட்டிவிடுவது முறை. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டது ஏதேனும் இருந்தால் அங்கேயே திருத்தப்படும், அவருக்கும் மேலிடத்தில் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

பிறகு நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் பொருளாக வைக்கலாம். சிறு பழுதுகள், தண்ணீர், கழிப்பறை, உட்காரும் இடம் போன்றவற்றுக்கு அங்கேயே நிதி உண்டு. கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தால், அது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்துகொண்டு நகல் பெறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடைபெறும் கூட்டங்களுக்கு முன்பே பொருளை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பணியிடம், கட்டடம் போன்று மாவட்டத்தால் தீர்க்க முடியாதவற்றுக்கு உங்கள் சட்டமன்ற உறுப்பினரே சரியான வழி. அவர் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், வினா எழுப்பலாம். பொதுக் கணக்குக் குழுவின் உறுப்பினர்களுக்கும் உங்கள் குறிப்பை அனுப்பலாம். பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு வரும் ஒரு கடிதம், பொதுப்படையான பத்துப் புகார்களைவிடக் குழுவின் செயலகத்துக்குப் பயன்படும்.

மத்திய அரசின் திட்டமென்றால், அறிக்கை அவையில் வைக்கப்பட்ட நான்கு மாதங்களுக்குள் எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய குறிப்பை அமைச்சகம் அளித்தாக வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் அக்குறிப்பைத் தகவல் உரிமை மனு வழியாகக் கேளுங்கள். மாநில அறிக்கைக்கும் துறையின் விளக்கக் குறிப்பைக் கேட்கலாம். கிடைத்த பதிலை உங்கள் பழைய குறிப்பின் கீழேயே தேதியிட்டுச் சேர்த்துவிட்டு, அதே மூன்று மருந்துகளுக்கு, அதே நிலையத்தில், அடுத்த நிதியாண்டின் பதிவேட்டுப் பக்கங்களுக்கு ஏப்ரலில் மீண்டும் விண்ணப்பியுங்கள். மருந்தையோ நிலையத்தையோ இடையில் மாற்றினால் ஒப்பிட முடியாமல் போகும்.